சில்லாலைப் பாட்டியும் பள்ளித் தோம்பும்



இப்பதிவை நான் செய்த ஒரு தவற்றிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. கோப்பெங் பட்டணத்திற்குக் குடிவருவதற்கு முன்னர், இங்கிருந்து மோட்டார் சைக்கிளில் அரைமணி நேரத் தொலைவில் இருந்த ஒரு ரப்பர் தோட்டப் பள்ளியில் நான் பணியாற்றினேன். நாற்பது சொச்சம் மாணவர்கள், ஆசிரியர்களும் சிலரே. அந்தத் தோட்டம் இப்போது இல்லை. பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். பிறகு செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. லயங்கள் இருந்த இடத்தை என்னாலேயே அடையாளம் காட்ட முடியாது.

வெள்ளிக்கிழமைச் சபைக்கூடலில் தேவாரம் பாடி முடிந்ததும் மாணவர்களின் நெற்றியில் திருநீறு இடுவது அங்கே வழக்கம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. பெருமையாகத்தான் செய்தேன். ஒரு வெள்ளியன்று, நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி வகுப்பறைக்குத் திரும்பும்போது புறங்கையால் நெற்றியைத் துடைத்துக் கொள்வதைப் பார்த்துவிட்டேன். எனக்குக் கோபம் வந்தது. அவளை மீண்டும் முன்னால் வரச்சொல்லி, எல்லாரும் பார்க்க, முன்னைவிட அழுத்தமாக மூன்று விரலால் பட்டையாகப் பூசினேன். அவள் அழவில்லை. நெற்றியைச் சுளிக்காமல், தரையையே பார்த்தபடி நின்றாள்.

திங்கட்கிழமை அவளுடைய பாட்டி வந்தார். பால்வெட்டு முடித்து, அதே உடையில், தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்காமல் வந்திருந்தார்.

"திருநீறு கெட்டதுன்னு சொல்ல வரல சார். ஆனா அது வேதக்காரப் பிள்ளை. நாங்க துடைக்கச் சொல்லல, அதுவாத் துடைச்சிருக்கு. நாலு பேரு முன்னால நிக்க வச்சிட்டீங்களே."

தவறு என்று அந்தக் கணமே எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. "பதிவேட்டில் இந்து என்றுதானேம்மா இருக்கிறது?" என்றேன்.

"அது நீங்க எழுதுனதுதானே சார்?"

உண்மைதான். ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு மாலைப்பொழுதில் உட்கார்ந்து, சமயம் என்ற கட்டத்தில் முதல் பெயருக்கு நேராக 'இந்து' என்று எழுதி, கீழே கடைசிவரை மேற்படிக் குறி போட்டவன் நான். அந்தப் பெண்ணுக்கு நல்ல தமிழ்ப்பெயர். வீட்டாரைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கிளம்பும்போது பாட்டி இன்னொன்றும் சொன்னார். "எங்கப்பா சில்லாலைக்காரரு. தோட்டத்துக்கு டிரசரா வந்தவரு. ஊர்ல வாத்தியாருங்க எழுதி வச்சதுதான் மெய்யின்னு இருந்தா, நம்ம வேதம் அன்னிக்கே போயிருக்கும்னு சொல்லுவாரு."

சில்லாலை எங்கே இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. வாத்தியார்களுக்கும் அவர் வேதத்திற்கும் என்ன தொடர்பு என்பதும் புரியவில்லை. பல ஆண்டுகள் கழித்துத்தான், ஈப்போவில் ஒரு நண்பரிடம் இருந்த யாழ்ப்பாண வரலாற்று நூல்களைப் புரட்டியபோது அந்தச் சொல்லின் பொருள் விளங்கியது. ஆசிரியத் தொழிலில் இருக்கும் நம் அனைவருக்கும் அதில் ஒரு செய்தி இருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சில்லாலை யாழ்ப்பாணத் தீபகற்பத்தின் வலிகாமம் பகுதியில், பண்டத்தரிப்புக்கு அருகில் உள்ள ஊர். 1658ஆம் ஆண்டு யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கீசியரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்குப் போனது. போர்த்துக்கீசியர் கத்தோலிக்கர், ஒல்லாந்தர் கால்வின் வழிவந்த சீர்திருத்தச் சபையினர், அதாவது புரோட்டஸ்டண்டுகள். ஒல்லாந்தில் அப்போது மன்னராட்சி இல்லை. இலங்கையை ஆண்டது வணிகக் கும்பனி. ஆனாலும், ஆள்வோரின் சமயமே குடிகளின் சமயம் என்பதில் கும்பனி எந்த மன்னருக்கும் குறைந்ததாக இருக்கவில்லை. கத்தோலிக்கக் குருமார் நாடு கடத்தப்பட்டனர். குருவுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று அதே ஆண்டில் அறிவித்தார்கள்.

விந்தை என்னவென்றால், அந்நாளில் ஆம்ஸ்டர்டாம் நகரில் கத்தோலிக்கர்கள் வீட்டின் மேல்மாடத்தில் கோயில் அமைத்துக் கும்பிட்டு வந்தார்கள். வெளியே தெரியாமல் இருக்கும்வரை நகர அதிகாரிகளும் கண்டும் காணாமல் இருந்தார்கள். சொந்த ஊரில் காட்டிய அந்தப் பெருந்தன்மையை யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேற்ற ஏனோ மறந்துவிட்டார்கள்!

காரணம் சமயப்பற்று மட்டுமன்று, அச்சமும்தான். குருவானவர் வருகிறார் என்றால் பின்னாலேயே போர்த்துக்கீசியனும் வருவான் என்று எண்ணினார்கள். கோட்டை விழுந்த சில மாதங்களுக்குள் அதை மீட்கச் சதி நடந்தது என்று கூறிப் பலரைக் கொன்றார்கள். அவர்களுள் ஓர் இயேசு சபைக் குருவும் தலை வெட்டப்பட்டார். சதியில் அவர் கைகோத்தவர் அல்லர். தெரிந்தும் சொல்லாமல் இருந்தார் என்பதே குற்றம். இங்கிலாந்தின் வரலாறு படித்தவர்களுக்கு உடனே ஒன்று நினைவுக்கு வரும். 1605இல் முதலாம் ஜேம்ஸ் மன்னரையும் நாடாளுமன்றத்தையும் வெடிமருந்து வைத்துத் தகர்க்கச் சில கத்தோலிக்கர் முயன்றார்கள். பாவசங்கீர்த்தனத்தின் வழியாக அதை அறிந்திருந்த ஹென்றி கார்னெட் என்னும் குரு 1606இல் தூக்கிலிடப்பட்டார். சிலர் செய்த சதிக்கு ஒரு சமயத்தார் முழுவதும் தலைமுறை தலைமுறையாக விலை கொடுத்தார்கள்.

இனி, வாத்தியார்களின் கதைக்கு வருவோம்.

போர்த்துக்கீசியர் கட்டிய கோயில்களை ஒல்லாந்தர் இடித்துவிடவில்லை. தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு என்று ஊர் ஊராக இருந்தவற்றைத் தம் சபைக் கோயிலாகவும் பள்ளிக்கூடமாகவும் ஆக்கிக்கொண்டார்கள். யாழ்ப்பாணத்தில் 1665 வரை ஊழியம் செய்த பால்தேயுஸ் பாதிரியார் அப்பள்ளிகளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். தமிழ் கற்றவர், 1672இல் வெளிவந்த அவர் நூலில் தமிழ் இலக்கணக் குறிப்புகளும் உண்டு. ஆனால் பாதிரிமார் மிகச் சிலர். ஊர்களோ பல. ஆகவே உண்மையில் அந்த ஏற்பாட்டைத் தாங்கி நின்றவர் தமிழ் உபாத்தியாயர்தாம்.

அவருடைய வேலைகளைப் பாருங்கள். பிள்ளைகளுக்கு எழுத்தும் செபமும் பத்துக் கட்டளைகளும் சொல்லிக் கொடுக்க வேண்டும். பாதிரியார் வராத ஞாயிறுகளில் எழுதிக் கொடுத்த பிரசங்கத்தை வாசிக்க வேண்டும். பள்ளிக்கு வராத பிள்ளையின் பெற்றோர் தண்டம் கட்ட வேண்டும். வராதவர் யார் என்று சொல்ல வேண்டியவரும் அவரே. இவற்றுக்கெல்லாம் மேலாக, ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் அவர் பள்ளித் தோம்பில் பதிய வேண்டும். தோம்பு என்பது பதிவேடு. அதில் இல்லாத திருமணம் சட்டப்படி திருமணமே இல்லை. அத்தகைய தாய் தந்தையரின் பிள்ளை சொத்துக்கு உரிமை கோர முடியாது. அரசாங்கப் பதவி வேண்டுமானாலும் சீர்திருத்தச் சபையின் ஞானஸ்நானம் வேண்டும். ஒரு குடும்பத்தின் காணியும் கௌரவமும் உபாத்தியாயரின் எழுதுகோலில் தொங்கின என்று சொன்னால் மிகையாகாது.

எனவே மக்கள் பதிந்து கொண்டார்கள். சைவரும் பதிந்தார்கள், கத்தோலிக்கரும் பதிந்தார்கள். பகலில் ஒல்லாந்தர் கோயிலில் தலையைக் காட்டிவிட்டு, வீட்டில் தத்தம் வழிபாட்டைத் தொடர்ந்தார்கள். விரதச் சோறு உண்ட வாழையிலையை வெளியே எறிந்தால் காட்டிக் கொடுத்துவிடும் என்று கூரையில் செருகி மறைத்தார்கள், நெற்றித் திருநீற்றை வாசலைத் தாண்டுமுன் அழித்தார்கள் என்றெல்லாம் யாழ்ப்பாணத்துச் சைவர்களிடையே பறங்கியர் காலத்துச் செவிவழிச் செய்திகள் உண்டு. இதைப் படித்த அன்று எனக்கு அந்த நான்காம் ஆண்டு மாணவியின் புறங்கை நினைவுக்கு வந்தது. அன்றிரவு உறக்கம் வரவில்லை.

குரு இல்லை, கோயில் இல்லை, பூசை இல்லை. இப்படி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள்! 1687இல் கோவாவைச் சேர்ந்த ஜோசப் வாஸ் என்னும் குரு கூலியாள் வேடத்தில் தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து வந்தார். கொங்கணிப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். இப்பணிக்காகவே தமிழ் கற்றவர். யாழ்ப்பாணத்தில் யாரை நம்புவது என்று அவருக்குத் தெரியாது. ஆகவே கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டுப் போனார். அம்மாலையைக் கண்டு எவர் முகம் மாறுகிறது என்று பார்த்தார். அவரை மறைத்து வைத்துக் காத்த ஊர்தான் சில்லாலை. பூசை இரவில்தான், ஓரிரவு ஒரு வீடு, மறுநாள் வேறொரு வீடு.

1689ஆம் ஆண்டு கிறித்துமசு இரவில் யாழ்ப்பாணத்தில் பூசைக்குக் கூடியிருந்தவர்களை ஒல்லாந்தரின் படைவீரர்கள் வளைத்துக் கொண்டார்கள். முந்நூறு பேர் வரை அகப்பட்டதாகச் சொல்வார்கள். பெண்களை விட்டுவிட்டு ஆண்களுக்குத் தண்டம் விதித்தார்கள். சிலருக்குக் கசையடி, அவர்களில் ஒருவர் உயிரிழந்தார். தேடிய குரு மட்டும் கிடைக்கவில்லை. அவர் புத்தளம் வழியாக 1692இல் கண்டி இராச்சியத்துக்குள் போனார். போர்த்துக்கீசிய ஒற்றன் என்று அங்கேயும் முதலில் சிறை. பிறகு, பௌத்தரான இரண்டாம் விமலதர்மசூரிய மன்னரே அவருக்கு ஆதரவளித்தார். புரோட்டஸ்டண்டு கிறித்துவரிடமிருந்து தப்பிய கத்தோலிக்கக் கிறித்துவருக்கு ஒரு பௌத்த மன்னர் நிழல்! 1711இல் கண்டியில் மறைந்த ஜோசப் வாஸ், 2015 சனவரியில் கொழும்பில் போப் பிரான்சிஸ் அவர்களால் புனிதராக அறிவிக்கப்பட்டார். மன்னார்ப் பக்கத்து மாந்தையிலிருந்து 1670இல் கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதா சிலையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடியதும் இதே அடக்குமுறைக் காலத்தில்தான். இன்றைய மடு மாதா திருத்தலத்தின் தொடக்கம் அதுவே.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கத்தோலிக்கர் துன்பப்பட்டார்கள் என்பதால் முன்பு ஆண்ட கத்தோலிக்கர் நல்லவர் ஆகிவிட மாட்டார்கள். 1621இல் நல்லூர்க் கந்தசாமி கோயிலை இடித்தவர்கள் போர்த்துக்கீசியர். அதற்கும் முன்னர், 1544இல், மன்னாரில் புதிதாகக் கிறித்துவம் தழுவிய நூற்றுக்கணக்கான தமிழர்களை வெட்டிக் கொல்லச் செய்தவன் நம் சங்கிலி மன்னன். யாரிடம் வாள் இருந்ததோ அவர்கள் அதை வீசியிருக்கிறார்கள். தமிழர் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் நாம் நல்லூரைச் சொல்லி மன்னாரை விட்டுவிடுகிறோம். கத்தோலிக்க நண்பர்கள் சிலர் மன்னாரைச் சொல்லி நல்லூரை விட்டுவிடுகிறார்கள்.

நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. 1641இல் மலாக்காவைப் பிடித்த ஒல்லாந்தர் அங்கும் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தார்கள். குன்றின்மேல் இருந்த கத்தோலிக்கக் கோயில் அவர்களுடைய சபைக்குப் போயிற்று. 1710இல்தான் செயிண்ட் பீட்டர் ஆலயம் கட்ட வழி பிறந்தது. அப்புறம் மனம் இளகி, 1781இல் மலாக்காச் செட்டிகளின் பொய்யாத விநாயகர் கோயிலுக்கு நிலம் கிடைத்ததும் அதே ஒல்லாந்தர் ஆட்சியில்தான். மாணவர்களை மலாக்காச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், செந்நிறக் கட்டடத்தின் முன்னால் படம் எடுத்துக்கொள்வதோடு நிறுத்திவிடாமல் இந்த இரண்டு கோயில்களையும் காட்டலாம். தூத்துக்குடியில் பரதவரை மாற்ற ஒல்லாந்தர் முயன்று தோற்றார்கள். முத்துக்குளிக்க அவர்கள் வேண்டுமே!

இப்போது மன்னர் வருகிறார்.

1796இல் இலங்கையின் கரையோரம் ஆங்கிலேயர் வசமாயிற்று. இங்கிலாந்தின் மன்னர் மூன்றாம் ஜார்ஜ்; சட்டப்படியே புரோட்டஸ்டண்டாக இருந்தாக வேண்டியவர். தம் நாட்டுக் கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் அமரும் உரிமையைக் கொடுப்பது முடியேற்பு உறுதிமொழிக்கு முரண் என்று அவர் பிடிவாதம் பிடித்ததால், 1801இல் தலைமையமைச்சர் பிட் பதவி விலகினார். 1807இலும் கத்தோலிக்கர் சிக்கலிலேயே இன்னோர் அமைச்சரவை கவிழ்ந்தது. இவ்விரண்டு ஆண்டுகளுக்கும் இடையில், 1806 மே 27ஆம் நாள், இலங்கை ஆளுநர் தாமஸ் மெயிட்லண்ட் ஒரு சட்டம் பிறப்பித்தார். கத்தோலிக்கர் தடையின்றி வழிபடலாம்; எல்லாக் குடியுரிமைகளுக்கும் தகுதி உடையவர்; ஒல்லாந்தர் முறைப்படி அல்லாமல் தங்கள் சமய முறைப்படி அவர்கள் அண்மைக் காலத்தில் செய்துகொண்ட திருமணங்களும் செல்லும். இச்சட்டம் சூன் 4ஆம் நாள் நடப்புக்கு வரும் என்றும், அது மன்னரின் பிறந்தநாள் என்றும் அதிலேயே எழுதியிருந்தது! இங்கிலாந்துக் கத்தோலிக்கர் நாடாளுமன்றம் செல்ல 1829 வரை காத்திருந்தார்கள். சில்லாலைக்காரர் அவர்களை இருபத்து மூன்று ஆண்டுகள் முந்திக்கொண்டனர்.

(ஈப்போ செயிண்ட் மைக்கல் பள்ளியில் படித்த பெற்றோர்களுக்கு ஒரு துணுக்கு: லசால் சகோதரர்களின் அப்பள்ளி தொடங்கிய ஆண்டு 1912. புதிதாக முடியேற்கும் ஆங்கில மன்னர் கத்தோலிக்க நம்பிக்கையைப் பழித்து உறுதிமொழி சொல்லும் வழக்கத்தை மாற்றிய ஆண்டு 1910.)

அடக்குமுறை நீங்கியதும் தோம்பில் இருந்த அத்தனை சீர்திருத்தக் கிறித்துவர்களும் எங்கே போனார்கள்? சைவர் சைவத்துக்குப் போனார்கள். கத்தோலிக்கர் வெளிப்படையாகக் கோயில் கட்டிக்கொண்டார்கள். 1816இல் அமெரிக்க மிஷன் பாதிரிமார் தெல்லிப்பழைக்கும் வட்டுக்கோட்டைக்கும் வந்தபோது, அங்கிருந்த பழைய கோயில்கள் பாழடைந்து கிடந்தன. அவற்றைச் செப்பனிட்டுத்தான் தொடங்கினார்கள். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் உபாத்தியாயர்கள் ஒழுங்காக எழுதி வந்த பதிவேடு அது. பிழையில்லாமல், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருப்பார்கள். நானும் அப்படித்தான் எழுதினேன், மேற்படிக் குறியோடு.

அந்த உபாத்தியாயர்களைப் பற்றி நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அவர்களும் நம்மைப்போல் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள்தாம். இரவில் எந்த வீட்டில் விளக்கு எரிகிறது என்று ஊர்க்காரரான அவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தும் எழுதாமல் விட்டவர்கள் சிலராவது இருந்திருக்க வேண்டும் என்று எண்ணிக்கொள்கிறேன். இல்லையென்றால் சில்லாலையில் ஒரு குருவை இரண்டாண்டு ஒளித்து வைத்திருக்க முடியாது. எழுதாமல் விட்டதற்குச் சான்று எந்தத் தோம்பிலும் இருக்காது அல்லவா?

பாட்டி மறைந்துவிட்டார். அவர் இருந்தவரை ஆண்டுக்கு ஒருமுறை புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவுக்குப் போய்வந்து, வேண்டுதல் மெழுகுவத்தியின் மிச்சத் துண்டு ஒன்றை எனக்கும் கொடுத்தனுப்புவார். நான் அதைச் சாமி மாடத்தில் வைத்திருக்கிறேன். அன்று செய்ததற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பெண்ணிடம் கேட்கவில்லை. பத்து வயதுப் பிள்ளையிடம் ஆசிரியர் மன்னிப்புக் கேட்பதா என்ற எண்ணம்தான். அடுத்த ஆண்டே தோட்டம் கைமாறி, குடும்பங்கள் ஆளுக்கொரு திசையில் போய்விட்டன.

இப்போதெல்லாம் சமயக் கட்டத்தை நானாக நிரப்புவதில்லை; பாரத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறேன். அண்மையில் ஒரு பாரம் திரும்பி வந்தது. அந்தக் கட்டத்தில் தந்தை நீல மையால் 'இந்து' என்று எழுதியிருக்கிறார். அதே கட்டத்தில், கீழே, பென்சிலால் சிறிய எழுத்தில் 'கத்தோலிக்கம்' என்றும் இருக்கிறது; தாயின் கையெழுத்தாக இருக்கலாம். தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். "அவங்க அப்பாகிட்ட பேசிட்டுச் சொல்றேன் சார்" என்றார் அந்தத் தாய். இரண்டு வாரம் ஆகிறது, இன்னும் பதில் வரவில்லை. கட்டத்தை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறேன்.